மூன்று அடுக்கு

மே 3, சனி

கடை கிடைத்துவிட்டது! மேற்கு ரத வீதியில், பாத்திரக் கடைக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில், ஒன்பதடிக்குப் பதினோரு அடி. போன மாதம் வரைக்கும் சைக்கிள் கடை. சுவர் பூராவும் கிரீஸ் கை. தரையைச் சுரண்டினால் ஒரு டின் எண்ணெய் தேறும். இருக்கட்டும். பதினோரு வருஷமாகத் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம் பாக்கியில்லாமல் மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவளுக்கு, நாலு சுவரும் ஒரு ஷட்டரும் இருந்தால் அதுவே அரண்மனை.

வெறும் அழகுசாதனக் கடை. பவுடர், ஃபவுண்டேஷன், லிப்ஸ்டிக், மை, நெயில் பாலிஷ். பிளாஸ்டிக் வாளியும் பொம்மையும் கேட்டு எவளாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் சரியென்று சொன்னதுதான் அதிசயம். பூமிநாதனும் அவர் அண்ணனும் சேர்ந்து வெங்காய மண்டி நடத்துகிறார்கள். எல்லாரும் ஒரே வீடு. "செய்யி. ஆனா நான் மூடுன்னா மூடணும்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. ஜூன் 6 வெள்ளிக்கிழமை திறப்பு.

இந்த நோட்டில் கடை வேலையை எழுதப்போகிறேன். கூடவே, கடையில் வைக்கப்போகும் சரக்கை என் மேல் போட்டுப் பார்த்த பரிசோதனைக் குறிப்பும். ஊரான் வீட்டுப் பெண் முகத்திலா போட்டுப் பார்க்க முடியும்?

பரிசோதனை: இடது கன்னம். மூன்றாம் நம்பர் ஃபவுண்டேஷன், ஓர் அடுக்கு. வெயிலில் நாலு மணி நேரம் நின்றது. நல்ல சரக்கு.

மே 6, செவ்வாய்

தச்சு வேலைக்கு ஆரோக்கியம் அண்ணனைப் பிடித்தாயிற்று. மனுஷர் அளவு எடுக்கும்போது வாயில் பென்சில், பேசும்போதும் வாயில் பென்சில்.

படத்தைக் காட்டினேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பழைய வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து வைத்தது. நடிகை கனகரூபா, மேக்கப் அறையில். முட்டை வடிவக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பன்னிரண்டு குண்டு பல்பு, வட்ட ஸ்டூல். கழுத்தில் பட்டுக் கைக்குட்டை முடிச்சு. மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை. இடது கன்னத்தில் பிறைநிலா மாதிரி இறங்கும் ஒரு முடிச் சுருள். அந்தச் சுருளுக்கு ஒரு காலத்தில் 'ரூபா சுருள்' என்றே பேர். அந்தக் கை வைக்க டெய்லர்கள் தனிக் கூலி வாங்கினார்களாம். அவள் என்னவோ யாரையோ முறைக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். என்னை எவனாலும் ஒன்றும் செய்ய முடியாது என்கிற பார்வை. எனக்கு அந்தப் பார்வைதான் வேண்டும். கடை முழுக்க அந்த அறையாக இருக்க வேண்டும்.

"சுவத்துக்கு என்னா கலரு தாயி?"

"படத்துல இருக்கிற கலருதான்."

"படம் கறுப்பு வெள்ளையில்ல இருக்கு!"

அதுவும் சரிதான். அவர் ரோஸ் என்கிறார். நான் கிளிப்பச்சை என்கிறேன். பெயின்டர் சாம்பல் நிறமே அடித்துவிடலாம் என்றான். வந்த கோபத்துக்கு பிரஷ்ஷைப் பிடுங்கி அவன் மேலேயே வீசினேன். சட்டை பாழ். பிறகு ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம். கிளிப்பச்சைதான்.

நானும் முழுக்கை ரவிக்கைதான் போடுவேன், பல வருஷமாக. இந்த அக்கினி வெயிலில் இதென்ன வேஷம் என்று மண்டபத்தில் எல்லாரும் கேட்பார்கள். கனகரூபா ஸ்டைல் என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மே 9, வெள்ளி

பூட்டு வாங்கினேன். பட்டறைக்கே போய், கையால் அறுத்துச் செய்த மாங்காய்ப் பூட்டு. ஒன்றரைக் கிலோ இருக்கும். "இதப் பூட்டுறதுக்கே ஒரு ஆள் போடணும் போலருக்கே" என்றார் ஆரோக்கியம் அண்ணன். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு மெஷின் பூட்டுப் போட்டால் சிரிக்கமாட்டார்களா?

இரண்டு சாவி. எனக்கென்று ஒரு சாவி என் ஆயுசில் இருந்ததில்லை. வீட்டுச் சாவி மாமியாரிடம், பீரோ சாவி வீட்டுக்காரரிடம். இதை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்தபோது, சொன்னால் வெட்கம், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

சாயங்காலம் அவர் இரண்டையும் கேட்டார். ஒன்று என்னிடம் இருக்கட்டுமே என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. என் வாய் அப்படி. கடைசியில் ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். நான்தான் ஜெயித்தேன்.

பரிசோதனை: வலது மேல்கை, கழுத்தின் பக்கவாட்டு. அடியில் ஆரஞ்சு கிரீம், அதன் மேல் மூன்றாம் நம்பர், இரண்டு அடுக்கு. நீலத்தை ஆரஞ்சு நன்றாக அடக்குகிறது. இந்த ஆரஞ்சில் ஒரு டஜன் எடுக்க வேண்டும்.

மே 10, சனி

கண் சிவப்பு. வெங்காய மண்டிக் குடும்பத்தில் இது ஒரு வசதி. யாரும் ஏனென்று கேட்பதில்லை.

மே 14, புதன்

வீட்டில் திருட்டு! சாம்பிள் பெட்டியில் ஃபவுண்டேஷன் ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் நம்பர் வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஐந்தாம் நம்பர் மட்டும் காணாமல் போகிறது. இது மூன்றாவது தடவை. என் நிறம் மூன்று. மாமியார் நிறம் ஏழு. வீட்டில் ஐந்து யார்? ஓரகத்தி பூங்கோதை. மூத்தவர் மனைவி.

கல்யாணத்துக்குப் போனால்கூடப் பவுடர் போடாதவள். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று வாயே திறக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் என் சரக்கைத் திருடி எங்கே பூசுகிறாள்? என் கடை வந்துவிடுமே என்கிற வயிற்றெரிச்சல், வேறென்ன.

இன்று அடுக்களையில் கையும் களவுமாகப் பிடித்தேன். முந்தானையில் டியூப். "கேட்டா நான் குடுக்கமாட்டேனாக்கா? இதென்ன களவாணிப் புத்தி?" என்று மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். அவள் வீடே அதிரக் கத்தினாள். நான் அவ்வளவு அழுத்தவில்லை. நாடகக்காரி. முகமெல்லாம் வேர்த்து, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மாமியார் ஓடிவந்து, "ரெண்டு பேரும் அடங்குங்கடி, ஆம்பளைங்க வர்ற நேரம்" என்றார். இருவரும் அடங்கினோம்.

டியூபைப் பிடுங்கிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

பெயர்ப்பலகை வந்தது. கிளிப்பச்சையில் வெள்ளை எழுத்து: ரூபா காஸ்மெடிக்ஸ். 'ரூ' எழுத்தின் சுழியை அவள் கன்னச் சுருள் மாதிரியே வளைத்திருந்தார் ஆரோக்கியம் அண்ணன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணே, உங்க கைக்குத் தங்கக் காப்புப் போடணும்ணே!" என்று சிரித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் அவர்.

தன் அம்மா பெயர் வைக்கவில்லையே என்று அவருக்குக் கோபம். நியாயம்தான், நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பலகையைச் சுவரில் சாய்த்து ஓங்கி உதைத்தார். நடுவில் இரண்டாகப் போயிற்று. நல்ல பிளைவுட் இல்லை. ஆரோக்கியம் அண்ணன் குறுக்கே வந்து, "தம்பி, பலகை என்னா பண்ணுச்சு?" என்றார். என் வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதில் அண்ணன் போய் உளிப்பெட்டி மேல் விழுந்தார். உள்ளங்கையில் தையல் நாலு.

"சிரிப்பு வேண்டியிருக்கோ? வெளியாளுகிட்ட பல்லக் காட்டுறியோ?"

பிறகு ஷட்டரை இறக்கினார். ஷட்டர் இறக்கினால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மின்சார வேலை இன்னும் முடியவில்லை. இருட்டில் அலமாரி விளிம்பில் முகத்தை இடித்துக்கொண்டேன்.

அவர் போட்டிருக்கிற நவரத்தின மோதிரம் நான்தான் கல்யாணத்தில் மாட்டிவிட்டது. கனமானது.

பரிசோதனை: இடது கன்ன எலும்பு. சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மேலே மூன்றாம் நம்பர், மூன்று அடுக்கு. மேலே ஒரு முடிச் சுருளை இழுத்து விட்டால் சுத்தமாகத் தெரியவில்லை. மூன்று அடுக்குப் போட்டால் சிரிக்கக்கூடாது, வெடிக்கும்.

மே 19, திங்கள்

நாலு முழம் நிலக்கோட்டை மல்லி வாங்கி வந்திருந்தார். "புதுப் பலகை செஞ்சுக்க. உன் இஷ்டப் பேரே வையி" என்றார். மனசு நல்ல மனசுதான். கோபம்தான்.

மே 21, புதன்

கடையின் பின்சுவருக்கு ஆறடி உயரத்தில் கனகரூபா படம் வேண்டும். கிழிந்த பத்திரிகைத் தாளை வைத்துப் பெரிசாக்கினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும். யாரோ சொன்னார்கள் என்று சிக்கந்தர் பாயின் ஸ்டுடியோவுக்குப் போனேன். அவர் வாப்பா அந்தக் காலத்தில் சென்னையில் சினிமா ஸ்டில் போட்டோகிராபர். தகர டப்பாவில் நெகட்டிவ் அப்படியே இருக்கிறது. தேடியதில், ஆத்தாடி, அதே படம்! அதே நாள், அதே ஸ்டூல்!

"பாய், எனக்கு ஒரிஜினலா வேணும். கம்ப்யூட்டர்ல வெள்ளையடிச்சு பொம்மையாக்கிடாதீங்க. ஒரு இடம் கைவைக்கக் கூடாது."

"வாப்பா மேல சத்தியமா வைக்கமாட்டேன் தங்கச்சி."

புதுப் பலகை வந்தது. கண்ணாடி வந்தது, மூன்றடிக்கு நாலடி. பல்புக்கு ஹோல்டர் பன்னிரண்டும் பொருத்தியாயிற்று. மஞ்சள் பல்புதான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மஞ்சள் வெளிச்சத்தில் எந்த மூஞ்சியும் அழகு. எலக்ட்ரீஷியன், "வெள்ளை போடுங்கக்கா, சரக்கோட நிஜ நிறம் தெரியும்" என்றான். அவனுக்கென்ன தெரியும்.

மே 26, திங்கள்

படம் வந்தது.

சுருட்டிக் கொண்டுவந்து தரையில் விரித்தார்கள். நானும் ஆரோக்கியம் அண்ணனும் நாலு முனையிலும் செங்கல் வைத்தோம். முதலில் என்ன தப்பு என்று புரியவில்லை. ஆறடி உயரத்தில் அதே முறைப்பு, அதே சுருள். பிறகு குனிந்து பார்த்தேன்.

சுருளுக்கு அடியில் கன்னம் சமமாக இல்லை. எலும்புக்கு மேல் சிறிய சதுரமாக ஒரு தடிப்பு. கைக்குட்டை முடிச்சு ஒரு விரற்கடை நழுவியிருக்கிறது. அதற்குக் கீழே கழுத்தில் வரிசையாக மூன்று நிழல், நாலாவது பாதி. ரவிக்கைக் கை ஒரு பக்கம் மேலேறியிருக்கிறது. மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். அது வளையல் இல்லை.

ஸ்டுடியோவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "படத்தை நாசம் பண்ணிட்டீங்களே பாய்! கழுத்துல என்னா கறை?"

"நாசம் பண்ணல தங்கச்சி. நெகட்டிவ்ல அப்படித்தான் இருக்கு. வாப்பா பிரிண்ட் போட்டப்புறம் பிரஷ்ஷால டச் பண்ணித்தான் பத்திரிகைக்குக் குடுப்பாங்க. கனகரூபா படம் எல்லாத்துக்குமே அப்படித்தானாம், உம்மா சொல்லுவாங்க. நீதான கைவைக்காதன்ன?"

போனை வைத்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று தெரியவில்லை. இவளைப் போய் ராணி என்று நினைத்து இருபது வருஷம் பெட்டிக்குள் வைத்திருந்தேனே! ஊரே இவள் கையைப் பார்த்து ரவிக்கை தைத்ததே! கையிலிருந்த நெயில் பாலிஷ் பாட்டிலைப் படத்தின் மேல் எறிந்தேன். படத்தில் படவில்லை. சுவரில் பட்டு உடைந்தது. கிளிப்பச்சையில் சிவப்பு.

ஆரோக்கியம் அண்ணன் தையல் போட்ட கையால் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினார்.

என் தொழில் இது. கறுப்பு வெள்ளையாக இருந்தால் என்ன, எனக்குப் பார்த்தாலே தெரியும். கழுத்தில் இருப்பது இரண்டு நாள் பழசு. மணிக்கட்டு அன்றைய தேதி. கன்னத்துச் சதுரம் மோதிரக் கல். அடித்தவனுக்கு வலது கைப் பழக்கம்.

மே 27, செவ்வாய்

முழுக்கை ரவிக்கையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு போட்டுக்கொண்டேன்.

மே 30, வெள்ளி

சிக்கந்தர் பாய் தானே இரக்கப்பட்டு, டச்சப் செய்து இன்னொரு படம் போட்டு அனுப்பிவிட்டார். பழைய பத்திரிகைப் படம் மாதிரியே பளிங்காக இருக்கிறது. இப்போது இரண்டு கனகரூபா, இரண்டு பேரும் சுருண்டு மூலையில் நிற்கிறார்கள். நல்லதைத்தான் மாட்டப்போகிறேன். திறப்பு விழாவில் வருகிறவர்களுக்கு எதற்கு அந்தக் கண்றாவி?

அலமாரியில் சரக்கு அடுக்கி முடித்தேன். ஐந்தாம் நம்பரை அடுக்கும்போது பூங்கோதை அக்கா கத்தினது ஞாபகம் வந்தது. நான் அவ்வளவு அழுத்தவில்லை. அது சத்தியம். அப்படியென்றால் ஏன் அப்படிக் கத்தினாள்?

டியூபைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷமாக ஒரே அடுக்களை. எத்தனை அக்கினி நட்சத்திரத்தில் அவளும் முழுக்கை போட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்குப் போட்டியாகப் போடுகிறாள் என்று நினைத்தேன். கடவுளே, நான் எவ்வளவு பெரிய மடச்சி.

ஜூன் 2, திங்கள்

பரிசோதனை: தலையில் முடிக்குள். மேக்கப் தேவையில்லை.

ஜூன் 4, புதன்

ஐந்தாம் நம்பர் ஒன்றை பூங்கோதை அக்காவின் தலையணைக்கடியில் வைத்தேன். மன்னிப்பு என்று வாயால் கேட்க வரவில்லை. மத்தியானம் சோறு போடும்போது என் தட்டில் கூடுதலாக ஒரு அப்பளம் இருந்தது.

ஜூன் 5, வியாழன்

ஆரோக்கியம் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் மனைவிதான் நோட்டை எடுத்துக் கொடுத்தார். எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலை பதினோரு மணி. ஆரோக்கியம் அண்ணன் கொக்கி வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். இரண்டு படங்களையும் விரித்தேன். பளிங்கு மூஞ்சியை மாட்டத்தான் ஸ்டூலில் ஏறினேன், சத்தியமாக. ஏறியபின் கை மற்றதைத்தான் எடுத்தது. மாட்டினேன். இறங்கி நின்று பார்த்தேன். அந்த முறைப்பு மாறவேயில்லை. இத்தனை அடிக்கு அப்புறமும் அவள் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். இருபது வருஷமாக நான் தப்பாகப் பார்க்கவில்லை.

அப்போது ஷட்டர் இறங்கியது. அவன் உள்ளே நின்றான்.

படத்தைப் பார்த்தான். எனக்கே குனிந்து தேடித்தான் தெரிந்தது. அவனுக்கு வாசலிலிருந்தே தெரிந்துவிட்டது.

"இத எறக்கு."

"எதுக்கு?"

"எறக்குன்னா எறக்குடி. பாக்குறவன் என்னத்த நெனப்பான்?"

"சினிமாக்காரி படந்தான? நீங்க எதுக்குப் பதர்றீங்க?"

கொண்டையைப் பிடித்து இழுத்தான். ஸ்டூல் உருண்டது. முகத்தைக் கண்ணாடியில் மோதினான். பல்பு இரண்டு வெடித்தது. இரண்டாம் தடவை மோதியதில் கண்ணாடி விரிந்தது. என் நெற்றியும். "கடையா வேணும் ஒனக்கு, கடையா?" என்று சொல்லிச் சொல்லி மோதினான். ஒவ்வொரு 'கடை'க்கும் ஒரு மோதல். கவுன்டரைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். கையில் பூட்டு கிடைத்தது.

பூட்டின் வளையத்துக்குள் விரலை நுழைத்து, திரும்பாமலே, கொண்டையைப் பிடித்திருந்த கை மேல் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெரியும். பச்சை முருங்கைக்காய் ஒடிகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் இதுவரைக்கும் அது என் எலும்பாக இருந்தது.

"கைடீ! ஏங் கைடீ!"

இரண்டாவது அடி தோளில். மூன்றாவதை ஓங்கினேன். அவன் தரையில் கிடந்தான், உடைந்த பவுடருக்கு நடுவில், கையை மார்போடு அணைத்துக்கொண்டு. ஓங்கிய கையை நிறுத்தினேன். இரக்கத்தால் இல்லை. கண்ணுக்குள் ரத்தம் இறங்கி, எங்கே தலை எங்கே தோள் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

ஷட்டரைத் தூக்கினேன். வெளியே டெய்லரும் பாத்திரக் கடைக்காரரும் இன்னும் பத்துப் பேரும். எல்லாருக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. ஒருத்தர்கூட ஷட்டரைத் தொடவில்லை. பாத்திரக் கடைக்காரர் கையில் ஒரு எவர்சில்வர் குடத்தை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். "என்னாய்யா பாக்குறீங்க? காது கேக்குதுல்ல ஒங்களுக்கு? பதினெட்டு நாளைக்கு முன்னாடியும் கேட்டுச்சுல்ல?" என்று கத்தினேன். குடத்தைக் கீழே வைத்தார்.

கொக்கிப் பொட்டலத்தோடு ஓடிவந்த ஆரோக்கியம் அண்ணன் தோளில் கிடந்த துண்டை என் நெற்றியில் கட்டினார். மகளிர் காவல் நிலையம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பூட்டை நான் கையிலிருந்து விடவேயில்லை.

ஜூன் 6, வெள்ளி

இன்றுதான் திறப்பு விழாவாக இருந்திருக்க வேண்டியது. நெற்றியில் ஒன்பது தையல்.

ஜூன் 9, திங்கள்

காவல் நிலையத்தில் நடந்ததை அன்றைக்கு எழுதவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா முதலில் வழக்கமான கேள்விதான் கேட்டார்: "எங்க விழுந்த?"

"கதவுல..." என்று தொடங்கிவிட்டேன். பழக்கம். வாய் தன்னால் சொல்கிறது. நிறுத்தினேன். மேசை மேல் தண்ணீர் பாட்டில் இருந்தது. முந்தானையை நனைத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்தேன். மூன்றாம் நம்பர் வந்தது. ஆரஞ்சு வந்தது. பச்சை வந்தது. சேலையில் மூன்று நிறமும் ஈஷிக்கொண்டது. துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். ரைட்டராக இருந்த பெண் எழுந்து போய் ஃபேனைப் பெரிசாக வைத்தாள்.

"எத்தன நாளா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கைப்பையிலிருந்து இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டினார். "பரிசோதனைன்னு போட்டிருக்கு. என்னம்மா இது?"

"அதாங்கம்மா இது."

மே 3 முதல் ஒவ்வொரு பரிசோதனையையும் விரல் வைத்துப் படித்தார். தேதி, இடம், எத்தனை அடுக்கு. நான் சரக்கைத்தான் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்தார்கள்.

அவனுக்கு மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருக்கிறது. கை வீங்கியதில் மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்களாம். அவன் தரப்பிலும் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும். அடித்ததை நான் இல்லையென்று சொல்லவில்லை. எத்தனை அடி என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

மாமியாரும் மூத்தவரும் நேற்று இங்கே வந்தார்கள். "குடும்பத்த சந்தி சிரிக்க வச்சுட்டியே" என்றார் மாமியார். மூத்தவர் கையை ஓங்கிக்கொண்டு வாசல்படி ஏறினார். ஆரோக்கியம் அண்ணன் இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா நின்றார், அவ்வளவுதான். மூத்தவர் படியிறங்கிவிட்டார். பூங்கோதை அக்கா தெருவில், வேப்பமரத்துக்குக் கீழே நின்றிருந்தாள். என் நெற்றித் தையலையே பார்த்தாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள்.

ஜூன் 11, புதன்

பூட்டு காவல் நிலையத்தில் இருக்கிறது. பட்டறையில் புதிது வாங்கினேன். இரண்டு சாவியும் என்னிடம்.

மஞ்சள் பல்பில் ஐந்து உடைந்துவிட்டது. ஆரோக்கியம் அண்ணன் அவசரத்துக்கு வெள்ளை டியூப் லைட் இரண்டு மாட்டியிருக்கிறார். மஞ்சளை மறுபடி வாங்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். எலக்ட்ரீஷியன் சொன்னது சரிதான், சரக்கின் நிஜ நிறம் தெரிகிறது.

விரிந்த கண்ணாடியை மாற்றியாயிற்று. படம் அப்படியே இருக்கிறது, டச்சப் இல்லாதது. மற்றதைத் தரையில் விரித்துப் பெயின்ட் கறை படாமல் இருக்க உபயோகப்படுத்திக்கொண்டோம்.

ஜூன் 13, வெள்ளி

கடை திறந்தேன். ரிப்பன் இல்லை, மேளம் இல்லை. ஆரோக்கியம் அண்ணன் மனைவி ஊதுபத்தி ஏற்றினார். நான் பூசணிக்காய் உடைத்தேன். அரைக்கை ரவிக்கை, முகத்தில் ஒன்றுமில்லை. மேக்கப் கடைக்காரி மூஞ்சியில் மேக்கப் இல்லையே என்று டெய்லர் வாயைத் திறக்கப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பத்து மணி வரைக்கும் ஒருத்தரும் வரவில்லை. எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறார்கள், படத்தைப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். போணியாகாமல் போய்விடுமோ என்று கவுன்டரை இன்னொரு தடவை துடைத்தேன். இவ்வளவும் பட்டுவிட்டு, கடை ஓடவில்லையென்றால் எந்த முகத்தோடு நிற்பேன்?

பத்தரைக்குப் படியேறி வந்தது பூங்கோதை அக்கா. கையில் காய்கறிக் கூடை. மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கழுத்து வரைக்கும் பொத்தான், மணிக்கட்டு வரைக்கும் கை.

"அஞ்சாம் நம்பர் இருக்கா வேதா?" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"இருக்குக்கா."

எடுக்கத் திரும்பினேன். அலமாரியில் ஐந்தாம் நம்பர் ஒரு டஜன் வரிசையாக நிற்கிறது. அவள் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். வெள்ளை வெளிச்சத்தில் அவள் முகத்தில் எங்கே மேக்கப் முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்று கோடு போட்ட மாதிரி தெரிந்தது. பாவம், ஆரஞ்சு போடாமல் நேராகப் பூசியிருக்கிறாள். இத்தனை நாளும் நீலம் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை.

"அவுங்களுக்கும் கழுத்துலயா?" என்றாள்.

"ஆமாக்கா. நாலு வெரலு."

கூடையைத் தரையில் வைத்தாள். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, ரவிக்கைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டினாள். நான் அன்றைக்கு முறுக்கிய இடம் இன்னும் வீங்கியிருந்தது. அதற்கு முன்னாலேயே அது முறிந்திருக்கிறது.

எடுத்த டியூபைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். கவுன்டர் இழுப்பறையில் நான் எனக்கென்று வாங்கி வைத்திருந்த புது நோட்டு இருந்தது. அதை எடுத்து, பேனாவைத் திறந்து, அவள் முன்னால் வைத்தேன்.

"தேதி போட்டு எழுதுங்கக்கா" என்றேன்.